பன்னிரண்டுக்கு முன்னால் வராதே

முதலில் கோயில் இளைஞர் அணி.
சில்வர்க்ளென் சரிவில் தகரக் கொட்டகை,
காவடிக்கு இன்னும் மூன்று வாரம்.
பையன்களுக்கு உறுமியும் ஒலிபெருக்கியும்;
பெண்பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் அடுக்கும் வேலை.
நானூறு பழம் அடுக்கினாள் தேவஷ்னி.
வீட்டுக்கு வந்து கையை முகர்ந்தபடி
"யாரோடும் பேசலைம்மா" என்றாள்,
புகாராக இல்லை,
கடைக்காரர் மீதிச் சில்லறை சொல்வதுபோல.

பதினாலு வயது.
என்ன கேட்டாலும் தோளைக் குலுக்குவாள்.
அந்தத் தோளின் மொழிக்கு
இந்நேரம் நான் அகராதியே எழுதியிருக்கலாம்.

அடுத்தது நாத்தனார் போகும் சபை.
கிட்டார், பீட்சா,
கட்டிப்பிடித்து வரவேற்கும் அக்காக்கள்.
மூன்றாம் வெள்ளி ஒரு அக்கா
அவள் நெற்றியைத் தொட்டு
"இந்தப் பொட்டு உனக்கு வேணுமா?" என்றாளாம்.
அன்பாகத்தான் கேட்டாளாம்.
அன்பாகக் கேட்டதுதான் இவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அம்லாங்காவில்
மாதம் அறுநூறு ராண்டுக்குத் தலைமைப்பண்பு.
கண்ணாடி முன் நின்று
"நான் ஒரு சிங்கம்" என்று சொல்லவேண்டும்.
சொல்லிவிட்டு வந்து
பின் சீட்டில் பூனைபோலச் சுருண்டுகொண்டாள்.

எல்லா வாசலிலும் நான் காரிலேயே இருந்தேன்.
இரவுப் பணி முடித்த வெள்ளைச் சப்பாத்தோடு
சீட்டைச் சாய்த்து, வாயைத் திறந்து.
ஒரு காவலாளி கண்ணாடியைத் தட்டினான்:
"ஆன்ட்டி, உயிரோடதானே இருக்கீங்க?"

இருக்கிறேன் தம்பி.
என் வார்டுக்கு வாரம் இரண்டு பேர் வருகிறார்கள்,
அவள் வயது, அவள் பள்ளிச் சீருடை,
கண்கள் மட்டும் என்னைவிட மூத்தவை.
அவர்கள் கையில் நரம்பு தேடிக் கிடைக்காத இரவுகளில்
எனக்கு அவள் கை நினைவு வரும்.
பயந்தவர்களுக்கென்று ஒரு குழு இருந்திருந்தால்
முதல் ஆளாக நான் சேர்ந்திருப்பேன்.
இல்லை. அதனால் அவளுக்குத் தேடினேன்.

கடைசியில் கிடைத்தது ஆஸ்பத்திரி லிஃப்டில்.
அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு நொம்வூலா சொன்னாள்:
"என் பையன் சனிக்கிழமை ஆற்றில் பூச்சி எண்ணுகிறான்.
பைத்தியம்தான்.
ஆனால் பசியோடு வீட்டுக்கு வருகிறான்."

அதைச் சொன்னபோதும் தோளைக் குலுக்கினாள் தேவஷ்னி.
ஆனால் ஒரு தோளை மட்டும்.

உம்லதுசானா ஆறு, பாலத்துக்குக் கீழே.
பெருவெள்ளம் கொண்டுவந்து போட்ட ஃப்ரிட்ஜ் ஒன்று
இன்னும் மணலில் வாய்பிளந்து கிடக்கிறது.
ஒன்பது பிள்ளைகள், வெள்ளைத் தட்டுகள், ஒரு வடிகட்டி.
கல்லைப் புரட்டவேண்டும்,
அடியில் ஒட்டியிருப்பதை எண்ணவேண்டும்,
கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைக்கவேண்டும்.
யாரும் அவளிடம் பெயர்கூடக் கேட்கவில்லை.
இவளுக்கு இரண்டு ஜோடி காலுறை போட்டும் தளர்ந்த
பச்சை பூட்ஸை ஒருத்தி நீட்டினாள், அவ்வளவுதான்.

ஒரு மணிநேரம் குனிந்தே நின்றாள்.
எனக்குக் கண் செருகியது.

அப்போது ஒரு கத்தல்.
"மூணு வால்! இதுக்கு மூணு வால்!"
எட்டுப் பேர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.
மூன்று வால் பூச்சி இருந்தால்
ஆறு இன்னும் சாகவில்லை என்று அர்த்தமாம்.
எனக்கு அது அப்புறம்தான் தெரியும்.
அந்த நொடியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
யார் பெற்ற பிள்ளை இவ்வளவு சத்தம் போடுகிறது
என்றுதான் பார்த்தேன்.

இன்றைக்கு ஐந்தாவது சனி.
கதவைத் திறந்து ஒரு கால் வெளியே வைத்தபடி சொன்னாள்:
"பன்னிரண்டுக்கு முன்னால் வராதே.
வந்தாலும் மேலேயே நில்லு."

வீட்டுக்குப் போனேன். படுத்தேன்.
கூரையில் பல்லி ஒன்று இருந்தது.
அதற்கு ஒரு வால்.

பதினொன்றேகாலுக்கே வந்துவிட்டேன்.
ரொட்டி லாரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.
பாலத்துக் கம்பிகளின் இடுக்கில்
முகம் தெரியவில்லை.
பச்சை பூட்ஸ் தெரிகிறது,
நடுவாற்றில்,
வேறு நிறத்துப் பல பூட்ஸ்களுக்கு இடையில்.